கேட்டதைத் திருப்பிச் சொல்

முதல் அரை மணி நேரம் ஒன்றுமே புரியாது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஹெட்போனை மாட்டிய பத்தாவது நிமிடமே "நம்ம இங்கிலீஷ் இதுக்குப் போதாது" என்று கழற்றி வைத்துவிடுவீர்கள். வீட்டில் ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்களுக்கும் இதே கதிதான். விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் ரேடியோவில் பேசுவதைக் கேட்பது என் பொழுதுபோக்கு என்றால், "அதுல என்ன இருக்கு? யாரோ மூக்கடைச்சு நம்பர் படிக்கிற மாதிரி இருக்கு" என்பார்கள். உண்மைதான். அந்த நம்பர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் இருப்பவனுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஒரு பக்கம் கப்பல், தலைக்கு மேல் விமானம். எங்கள் தாத்தா தலைமுறை இங்கே வந்து இறங்கியது கப்பலில். ரஜூலா என்றால் இன்றைக்கும் வயசான முகங்களில் ஒரு வெளிச்சம் வரும். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை ஓடிய கப்பல். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றி, பினாங்கில் பாதியை இறக்கி, சிங்கப்பூர் போகும். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியே முடிந்துபோனது. இப்போது எல்லாம் ஆகாயம்தான். 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்து நேராக பினாங்குக்குப் பறக்கத் தொடங்கியது. ரஜூலாவில் நாள் கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த தூரத்தை இன்று ஒரு தூக்கத்தில் கடந்துவிடலாம்.

அந்த விமானம் இறங்குவது தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில். 1935இல் திறந்த பழைய நிலையம், ஒரே ஓடுபாதை. அந்த ஒரே பாதைக்கு இரண்டு பெயர்: ஒரு முனையிலிருந்து 04, மறுமுனையிலிருந்து 22. திசைகாட்டியின் பாகையில் கடைசி சுழியை வெட்டிவிட்டால் வருவதுதான் இந்த எண். 40 பாகை, அதாவது வடகிழக்கைப் பார்த்து இறங்கினால் 04. 220 பாகை, தென்மேற்கைப் பார்த்து இறங்கினால் 22. எந்த விமான நிலையத்திலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 18தான். 180 பாகை எதிர்த்திசை அல்லவா? காற்றை எதிர்த்துத்தான் இறங்க வேண்டும் என்பதால், இன்றைக்கு எந்தப் பெயர் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது.

இங்கே இன்னொரு சுவாரசியம். பினாங்கில் இறங்கப் போகிற விமானத்தைக் கடைசிக் கட்டத்துக்கு முன்பு வரிசைப்படுத்தி அழைத்து வருவது பாயான் லெப்பாஸ் கோபுரம் இல்லை. கால்வாய்க்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் இருக்கும் விமானப்படைத் தளம். 1941இல் ஆங்கிலேயர் திறந்தது, பிறகு ஆஸ்திரேலியர் கையில் இருந்தது, 1988இல் மலேசிய விமானப்படைக்கு வந்தது. "பட்டர்வொர்த் அப்ரோச்" கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் "பினாங் டவர்" கையில் வாங்குகிறது. நாம் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு பாலத்தையும் படம் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், நம்மை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, அந்தப் பேச்சு எப்படி இருக்கும்? உதாரணத்துக்கு ஒன்று எழுதுகிறேன், விமான எண் என் கற்பனை. கோபுரம் சொல்கிறது: "ஐஃப்ளை ஒன் டூ த்ரீ, விண்ட் ஸீரோ ஃபைவ் ஸீரோ டிகிரீஸ் சிக்ஸ் நாட்ஸ், ரன்வே ஸீரோ ஃபோர், க்ளியர்ட் டு லேண்ட்." விமானி பதில் சொல்கிறார்: "க்ளியர்ட் டு லேண்ட், ரன்வே ஸீரோ ஃபோர், ஐஃப்ளை ஒன் டூ த்ரீ." அவ்வளவுதான். சில விநாடிகளே ஆகும். யாரைக் கூப்பிடுகிறோம், காற்று எப்படி, எந்தப் பாதை, என்ன அனுமதி. இந்த வரிசை ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆரம்பத்தில் எல்லாரும் செய்வது, காதில் விழும் ஒவ்வொரு சொல்லையும் பிடிக்கப் பார்ப்பது. அது ஆகாத காரியம். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அது வருகிறதா என்று கேட்பதுதான் வழி. வரிசை பழகிவிட்டால் இரைச்சலுக்குள்ளிருந்து சொற்கள் தாமாகவே மேலே மிதந்து வரும்.

விமானியின் பதிலை இன்னொரு முறை பாருங்கள். "சரி" என்று சொல்லவில்லை, "புரிந்தது" என்றும் சொல்லவில்லை. கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். ரீட்பேக் என்பார்கள். மாமாக் கடையில் நாம் எட்டுப் பேர் எட்டு விதமாகச் சொன்னதை "தே தாரே மூணு, தே ஓ ஐஸ் ரெண்டு, மீ கோரெங் ஒண்ணு, காரம் வேணாம்" என்று அண்ணன் ஒப்பித்துவிட்டுத்தான் நகர்வாரே, அதேதான். வித்தியாசம், இங்கே ஒப்பிப்பது சட்டம். பாதை எண், உயரம், திசை, காற்றழுத்த எண், அடுத்து பேச வேண்டிய அலைவரிசை எல்லாவற்றையும் விமானி திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொல்வது சரியா என்று கோபுரத்தில் இருப்பவர் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் பலருக்குத் தெரியாது. என் கணிப்பில் இதுதான் ரொம்பக் கஷ்டமானதும்கூட. நாம் சொன்னதையே ஒருவர் நம்மிடம் திருப்பிச் சொல்லும்போது, மனசு அதைக் கேட்பதில்லை, கேட்டதாக நினைத்துக்கொள்கிறது.

எழுத்தும் எண்ணும் முதல் வாரத்துப் பாடம். ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா என்று போகும் எழுத்துவரிசை 1956 மார்ச் 1 முதல் உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. எண்களில் 3 "ட்ரீ", 5 "ஃபைஃப்", 9 "நைனர்". ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. நடைமுறையில் பாதிப் பேர் "த்ரீ" என்றுதான் சொல்கிறார்கள், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். அழைப்புப் பெயர்கள் தனி ரசனை. ஏர்ஏசியா "ரெட் கேப்", அதன் நெடுந்தூரக் கிளை "ஸனாடு". ஸ்கூட் "ஸ்கூட்டர்". தைப்பேயிலிருந்து வரும் சைனா ஏர்லைன்ஸ் "டைனஸ்டி". இண்டிகோதான் "ஐஃப்ளை". முதன்முதலில் "ஸ்கூட்டர்" இறங்க அனுமதி கேட்டபோது நான் சிரித்துவிட்டேன்.

ஆனால் இந்த விதிகள் எல்லாம் யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து அழகுக்காக எழுதியவை இல்லை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு விபத்து இருக்கிறது. அதில் ஒன்று நம் மலேசியாவில் நடந்தது.

1989 பிப்ரவரி 19. அப்போது கே.எல்.ஐ.ஏ. விமான நிலையம் கிடையாது, அது 1998இல்தான் வந்தது; கோலாலம்பூருக்கு சுபாங்தான். சிங்கப்பூரிலிருந்து ஃப்ளையிங் டைகர் நிறுவனத்தின் சரக்கு விமானம் ஒன்று, போயிங் 747, விடிகாலையில் சுபாங்கை நெருங்குகிறது. விமானத்தில் 4 பேர். கட்டுப்பாட்டாளர் 2,400 அடிக்கு இறங்கச் சொல்கிறார். சொன்ன விதம்: "டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ." சத்தம் போட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அந்த "டூ", இரண்டு என்ற எண்ணா, "அதற்கு" என்ற பொருளில் வரும் சிறு சொல்லா? கட்டுப்பாட்டாளர் சொன்னது எண். விமானியறையில் கேட்டது மற்றது. 400 அடிக்கு இறங்கு என்று எடுத்துக்கொண்டார்கள். "ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ" என்று திருப்பியும் சொன்னார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும். திருப்பிச் சொல்லிவிட்டார்கள். விதி தன் வேலையைச் செய்துவிட்டது. 2,400 என்று சொன்னதற்கு 400 என்று பதில் வந்திருக்கிறது, தவறு வெளிச்சத்துக்கு வந்து நிற்கிறது. ஆனால் அதை யாரும் பிடிக்கவில்லை. தரை நெருங்குகிறது என்று விமானத்தின் எச்சரிக்கைக் கருவி கத்தியும் மேலே தூக்கவில்லை. பூச்சோங் பக்கம் 437 அடி உயரத்தில் ஒரு மலைச் சரிவில் மோதி 4 பேரும் இறந்தார்கள். முழுப் பழியையும் அந்த ஒற்றை "டூ" மேல் போடுவது நியாயமில்லை. எந்த முறையில் இறங்கப் போகிறோம் என்பதிலேயே விமானியறையில் குழப்பம் இருந்தது, இறங்குவதற்கான வரைபடத்தைச் சரிபார்த்திருந்தால் 400 அடி சாத்தியமே இல்லை என்று தெரிந்திருக்கும். இருந்தாலும், இன்று முறைப்படி "டூ டௌசண்ட் ஃபோர் ஹன்ட்ரட் ஃபீட்" என்று விரித்துச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு பூச்சோங்தான் நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது விபத்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1977 மார்ச் 27, டெனரிஃபே தீவு, பனிமூட்டம், ஒரே ஓடுபாதையில் கே.எல்.எம்., பான் ஆம் நிறுவனங்களின் இரண்டு 747கள், 583 உயிர்கள். விமானப் போக்குவரத்தில் அதைவிடப் பெரிய விபத்து நடக்கவில்லை. கேட்பவன் கண்ணோட்டத்தில் அதில் முக்கியமானது ஒரு கீச்சொலி. விமான ரேடியோ 118இலிருந்து 137 மெகாஹெர்ட்ஸ் வரை, பழைய ஏ.எம். முறையில் வேலை செய்கிறது. நம் பாட்டு ரேடியோவில் இருக்கும் எஃப்.எம். ஏன் இல்லை என்று நானும் யோசித்திருக்கிறேன். எஃப்.எம்.மில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் வலுவான குரல் மற்றதை விழுங்கிவிடும், இன்னொருவர் பேசினார் என்பதே தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதி ஒரு கீச்சொலி எழும். சொற்கள் கெட்டுப்போனாலும், யாரோ பேசியிருக்கிறார் என்ற சேதியாவது மிஞ்சும். "ப்ளாக்ட்" என்று மூன்றாமவர் ஒருவர் சொல்ல, மறுபடி கேட்டுக்கொள்வார்கள். நல்ல ஏற்பாடு.

டெனரிஃபேயில் கே.எல்.எம். விமானி "நாங்கள் இப்போது டேக் ஆஃபில்" என்கிற மாதிரி ஒன்றைச் சொன்னார். கோபுரம் "ஓகே" என்றது, ஒரு சிறு இடைவெளி விட்டு "காத்திருங்கள், கூப்பிடுகிறேன்" என்றது. அதே நொடியில் பான் ஆம் விமானம் "நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்" என்று சொல்லத் தொடங்கியது. இரண்டு எச்சரிக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக மோதின. கே.எல்.எம். காதில் தெளிவாக விழுந்தது "ஓகே" மட்டும். மீதி ஏறத்தாழ 4 விநாடி கீச்சொலி. அதற்குப் பிறகுதான் "டேக் ஆஃப்" என்ற சொல்லையே பூட்டி வைத்தார்கள். உண்மையிலேயே கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும், அதை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் அது வாயில் வர வேண்டும். மற்ற நேரத்தில் "டிபார்ச்சர்". இனி நீங்கள் கேட்கும்போது கவனியுங்கள், எவ்வளவு கட்டுப்பாடாக அந்தச் சொல்லைத் தவிர்க்கிறார்கள் என்று.

கப்பல் பக்கம் கொஞ்சம் வருகிறேன். என் சித்தப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் இருந்தவர். சின்ன வயதில் சுவெட்டன்ஹாம் படகுத்துறையில் நின்று அவர் படகு பெரிய கப்பல்களை மூக்கால் முட்டித் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படகின் ரேடியோதான் நான் முதலில் கேட்டது. கடல் ரேடியோ வேறு ரகம்: எஃப்.எம்., 156 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம், பதினாறாம் சேனலில் கூப்பிட்டுவிட்டு வேறு சேனலுக்கு மாறிக்கொள்வார்கள். விமானத்தைவிட நிதானமான பேச்சு. கப்பலுக்கு நிற்க நேரம் இருக்கிறது, விமானத்துக்கு இல்லை. கடலுக்கும் தனி வாய்பாடு உண்டு. பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட நிலைச் சொற்றொடர்கள். அதில் எனக்குப் பிடித்தது, வாக்கியத்துக்கு முன்னாலேயே அதன் வகையைச் சொல்லிவிடுவது. "கேள்வி" என்று சொல்லிவிட்டுக் கேட்பார்கள், "எச்சரிக்கை" என்று சொல்லிவிட்டு எச்சரிப்பார்கள். நம் வீடுகளிலும் இதைக் கொண்டுவந்தால் பாதிச் சண்டை குறையும்.

இந்தத் துறைமுகத்துக்கு ரேடியோவை ஒட்டுக் கேட்டவர்களோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையைக் குண்டு போட்டுக் கலங்கடித்த எம்டனைத் தமிழர் யாரும் மறக்கவில்லை. அதே கப்பல் அக்டோபர் 28 விடியலில், பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நட்டுக்கொண்டு, பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும்போது மஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் தீர்த்தது. இறந்த ரஷ்ய மாலுமிகளின் கல்லறை வெஸ்டர்ன் ரோடு இடுகாட்டில் இன்றும் இருக்கிறது. எம்டனின் பெரிய பலங்களில் ஒன்று அதன் காது. தான் வாய் திறக்காமல், எதிரிக் கப்பல்கள் கம்பியில்லாத் தந்தியில் வெள்ளையாகப் பேசிக்கொண்டதைக் கேட்டுக் கேட்டே வேட்டையாடியது. கடைசியில் அதன் கதை முடிந்ததும் ரேடியோவால்தான். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கப் போனபோது, நிலையத்தார் முந்திக்கொண்டு அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள்; பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி வந்து சேர்ந்தது.

காணாமல்போன எம்.எச். 370 விமானத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பினாங்கில் உட்கார்ந்து விமான ரேடியோ பற்றி எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போக முடியாது. 2014 மார்ச் 8, அதிகாலை 1.19. கோலாலம்பூர் கட்டுப்பாட்டாளர், ஹோ சி மின் நிலையத்தை 120.9இல் தொடர்புகொள்ளச் சொல்கிறார். பதில்: "குட் நைட், மலேசியன் த்ரீ செவன் ஸீரோ." அந்த 120.9 திருப்பிச் சொல்லப்படவில்லை. இதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. களைத்த நேரத்தில் பலரும் விட்டுவிடுகிற ஒன்றுதான் அது. ஆனால் திருப்பிச் சொல்வதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். பிறகு விமானம் திரும்பி, தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, எங்கள் தீவின் தெற்கே போனது. 1.52க்குத் துணை விமானியின் கைப்பேசியை பண்டார் பாரு ஃபார்லிமில் உள்ள கோபுரம் ஒரு கணம் உணர்ந்தது. நாசி கண்டார் சாப்பிட நாங்கள் போகிற வழி அது. 239 பேர்.

இனி, கேட்க விரும்புகிறவர்களுக்கு. முதலில் சட்டம். மலேசியாவில் 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம், 234ஆம் பிரிவில், அதிகாரமில்லாமல் பிறர் தொடர்பை இடைமறிப்பதைக் குற்றமாக்குகிறது. ஷாப்பியில் ஸ்கேனர் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மொட்டை மாடியில் ஏரியல் நட்டுவிடாதீர்கள். பிரிட்டனிலும் கேட்கத் தடை, அதனால்தான் லைவ்ஏடிசி என்ற இணையதளத்தில் லண்டன் இல்லை. இந்தியாவில் 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டமே உரிமமில்லாமல் கருவி வைத்திருப்பதைத் தடுத்தது. அமெரிக்காவில் கேட்கலாம், அங்குள்ள ஆர்வலர்கள் தங்கள் ஊர் கோபுரத்தின் பேச்சை அந்தத் தளத்தில் நாள் முழுக்கப் பாய்ச்சுகிறார்கள். பயிற்சிக்கு அது போதும், தாராளமாகப் போதும்.

கருவியைத் தொட்டே ஆக வேண்டும் என்ற கை அரிப்பு உள்ளவர்களுக்கு நேர்வழி ஒன்று உண்டு. அமெச்சூர் ரேடியோ தேர்வு எழுதி உரிமம் வாங்குங்கள். தீபகற்பத்தில் 9டபிள்யூ2 அல்லது 9எம்2 என்று தொடங்கும் சொந்த அழைப்புப் பெயரே கிடைக்கும். அதை வைத்து விமானத்தோடு பேச முடியாதுதான், ஆனால் ரேடியோ என்றால் என்ன என்று புரிந்துவிடும். நம் பிள்ளைகள் இதில் இன்னும் நிறையப் பேர் வரலாம். கணிதமும் மின்னியலும் பள்ளி அளவுக்குத் தெரிந்தால் போதும்.

கேட்கத் தொடங்கும்போது நியூயார்க் கென்னடியில் போய் விழாதீர்கள். எல்லாரும் செய்வது அதுதான், எல்லாரும் ஓடிவருவதும் அங்கிருந்துதான். அங்குள்ளவர்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள். ஒரே ஒரு ஓடுபாதை உள்ள சின்ன நிலையமாகப் பாருங்கள். "கிரவுண்ட்", "அப்ரோச்" எல்லாம் பிறகு. முதலில் "டவர்" மட்டும். பக்கத்தில் ஃப்ளைட்ரேடார் போன்ற வரைபடத்தைத் திறந்து வைத்து, இறங்க வருகிற ஒரே ஒரு விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயர் காதில் விழும்வரை மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். விழுந்ததும், கோபுரம் சொன்னதையும் விமானி திருப்பிச் சொன்னதையும் ஒரு தாளில் எழுதி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.